வெயிலில் மறையும் படம்

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓர் உயர்நிலைப் பள்ளியின் இயற்கை மன்ற மாணவர்கள் பதினான்கு பேர் கோடியக்கரைக்குச் சென்றார்கள். மன்றத்தின் பொறுப்பாசிரியர் என் நண்பர். அவர் அழைத்ததால் நானும் உடன் சென்றேன். கோடியக்கரை 1967ஆம் ஆண்டில் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கு வெளிமான்கள் உண்டு. குளிர்காலத்தில் பூநாரைகளும் இன்னும் பல நீர்ப்பறவைகளும் வந்து தங்குகின்றன. பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பளங்கள். நண்பகல் நேரத்தில் அங்கே நின்றால் மேலே வெயில், கீழே உப்பின் வெண்மை, முன்னால் நீரின் பளபளப்பு. கண்ணைச் சுருக்காமல் பார்க்க முடியாது.

பூநாரைக் கூட்டம் ஒன்று கரைக்கு ஓரளவு அருகில் மேய்ந்துகொண்டிருந்தது. தொலைநோக்கியை வைத்திருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி திடீரென்று கூவினாள்: "சார், ஒரு பறவையின் காலில் வளையம் இருக்கிறது!"

பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் வளையம் மாட்டிவிடுவதைப் படித்திருப்பீர்கள். பூநாரை எப்போதும் நீரில் நிற்பதால், வளையத்தை அதன் நீண்ட காலின் மேல்பகுதியில் மாட்டுவார்கள். வளையத்தின் மேல் எழுத்துகளும் எண்களும் இருக்கும். அவற்றைப் படித்துவிட்டால், அந்தப் பறவைக்கு எந்த நாட்டில் எந்த ஆண்டில் வளையம் மாட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளலாம். பறவையோ ஓரிடத்தில் நிற்கவில்லை. கானல் அலையில் எழுத்துகள் நடுங்கின. ஒரு நல்ல படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே வழி.

பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையில் டிஜிட்டல் காமிரா இருந்தது. தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கியது. தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கும் சூம் வசதி அதில் இருந்தது. ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம் இல்லை. பின்புறத் திரையைப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். அவன் காமிராவை நீட்டிப் பிடித்தான், சாய்த்தான், நிமிர்த்தினான். "ஒன்றும் தெரியவில்லை சார்! என் சட்டைதான் தெரிகிறது!" என்றான். வேறு வழியின்றி, குத்துமதிப்பாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே போனான். மொத்தம் அறுபது படங்கள்.

மாலையில் பள்ளிக் கணிப்பொறியில் அவற்றைப் பார்த்தோம். சிலவற்றில் வெறும் தண்ணீர், சிலவற்றில் வானம், பலவற்றில் பறவைகள் ஓரத்தில் பாதியாக வெட்டுண்டு நின்றன. வளையம் அணிந்த பறவை இரண்டு படங்களில் மட்டும் வந்திருந்தது. இரண்டிலும் உடல் இருந்தது, கால் இல்லை!

அந்த ஆண்டு மன்றத்துக்குச் சொந்தமாக ஒரு காமிரா வாங்க மாணவர்கள் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். "எத்தனை மெகாபிக்சல் இருக்க வேண்டும் சார்?" என்று கேட்டார்கள். "அதைப் பிறகு பார்க்கலாம். வெயிலில் படம் தெரியுமா என்று முதலில் கேளுங்கள்" என்றேன். பௌதிகம் கற்பித்த பழக்கம் விடுமா? கரும்பலகைக்குப் போனோம். அன்று அவர்களுடன் சேர்ந்து போட்ட கணக்கையே இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

கண் செய்யும் ஏமாற்று

ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவை 'லக்ஸ்' என்ற அலகால் குறிப்பார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் ஒளி விழுகிறது. நல்ல வெளிச்சமான வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ். இரவில் வீட்டுக் கூடத்தில் 100 லக்ஸ் இருக்கலாம். முழு நிலவொளியில் ஒரு லக்ஸ் கூட இல்லை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

வகுப்பறையைவிட வெளியே வெயில் இருநூறு மடங்கு, முந்நூறு மடங்கு அதிகம் என்று சொன்னால் நம்புவீர்களா? அவ்வளவு வேறுபாடு இருப்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. காரணம், நம் கண் தன்னைத் தானே மாற்றிக்கொள்கிறது. கண்மணி இருட்டில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். வெயிலில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். விட்டம் நான்கில் ஒன்றானால் பரப்பு பதினாறில் ஒன்றாகும் அல்லவா? மீதிச் சரிக்கட்டலை விழித்திரை செய்கிறது. வெளிச்சத்துக்குப் பழகச் சில நிமிடங்கள் போதும். நல்ல இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும்.

கடையில் பார்க்கும்போது எல்லாக் காமிராக்களின் திரையும் ஒளிர்வதாகத் தெரிவது இதனால்தான். கடைக்குள் 500 லக்ஸ். வெளியே இலட்சம் லக்ஸ். கடையில் தேறிய திரை வெயிலில் தேறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

சட்டை செய்த குற்றம்

இனி அந்த மாணவன் சொன்னதை நினைத்துப் பாருங்கள். "என் சட்டைதான் தெரிகிறது" என்றான். அவன் அணிந்திருந்தது வெள்ளைச் சீருடைச் சட்டை. குற்றவாளியை அவனே காட்டிக் கொடுத்துவிட்டான்!

ஒரு பரப்பிலிருந்து நம் கண்ணை நோக்கி வரும் ஒளியைப் 'பொலிவு' என்போம். இதன் அலகு 'நிட்'. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்பதே ஒரு நிட். துணி, காகிதம் போன்ற சொரசொரப்பான பரப்புகளுக்கு ஓர் எளிய சூத்திரம் உண்டு. விழும் ஒளியை (லக்ஸ்) அந்தப் பரப்பு திருப்பி அனுப்பும் பங்கால் பெருக்கி, 'பை' என்னும் 3.14ஆல் வகுத்தால் பொலிவு கிடைக்கும்.

நண்பகல் வெயில் மேலிருந்து விழுவதால், நிமிர்ந்து நிற்பவரின் சட்டை மீது முழு வெயிலும் படாது. பாதி, அதாவது 50,000 லக்ஸ் என்று கொள்வோம். வெள்ளைத் துணி அதில் நூற்றுக்கு எண்பது பங்கைத் திருப்பி அனுப்பட்டும். 50,000 x 0.8 = 40,000. இதை 3.14ஆல் வகுத்தால் சுமார் 12,700 நிட்.

இந்தச் சட்டைக்கு எதிரே காமிராவின் திரை இருக்கிறது. திரையின் முகப்பு கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5. நேராக வரும் ஒளியில் எவ்வளவு எதிரொளிக்கும் என்பதைக் கணக்கிட, ஒளிவிலகல் எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, அதை ஒளிவிலகல் எண்ணுடன் 1ஐக் கூட்டி வருவதால் வகுத்து, விடையை வர்க்கமாக்க வேண்டும். 0.5ஐ 2.5ஆல் வகுத்தால் 0.2, அதன் வர்க்கம் 0.04. அதாவது நூற்றுக்கு நான்கு பங்கு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றுகிறது. ஆனால் 12,700இல் நூற்றுக்கு நான்கு எவ்வளவு? ஏறத்தாழ 500 நிட்!

திரை தானாக வெளிவிடும் ஒளியும் 500 நிட் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் வெள்ளைப் பகுதி 500 நிட். கறுப்புப் பகுதி அரை நிட். இருட்டறையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 1000:1. அருமையான படம்! இப்போது இரண்டின் மேலும் சட்டையின் 500 நிட்டைக் கூட்டுங்கள். வெள்ளை 1000; கறுப்பு 500. விகிதம் வெறும் 2:1.

சில திரைகளில் மேல் கண்ணாடிக்கும் உள்ளேயுள்ள ஒளிரும் தகட்டுக்கும் நடுவே மெல்லிய காற்றிடைவெளி இருக்கும். அப்போது கண்ணாடியின் முன்பக்கம், பின்பக்கம், உள் தகட்டின் மேற்பக்கம் என மூன்று பரப்புகள் எதிரொளிக்கின்றன. 500 என்பது 1,500 ஆகிவிடுகிறது. வெள்ளை 2,000, கறுப்பு 1,500. விகிதம் 4:3. நீரின் நீலமும் பூநாரையின் இளஞ்சிவப்பும் இதில் எப்படித் தனித்துத் தெரியும்?

இதே சட்டையுடன், இதே திரையை 300 லக்ஸ் உள்ள அறைக்குள் பாருங்கள். சட்டையின் பொலிவு 76 நிட். அதில் எதிரொளிப்பது 3 நிட்தான். விகிதம் 140:1க்கு மேல். திரை மாறவில்லை, காமிரா மாறவில்லை. சுற்றுப்புறம் மட்டுமே மாறியது.

கால்குலேட்டரின் திரை தெரிகிறதே!

இங்கே உங்களில் சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். கால்குலேட்டரிலும் திரவப் படிகத் திரைதான், அதாவது எல்.சி.டி. திரைதான் இருக்கிறது, அது வெயிலில் தெளிவாகத் தெரிகிறதே? மிக நல்ல கேள்வி!

கால்குலேட்டரின் திரையில் விளக்கே கிடையாது. திரவப் படிகத்துக்குப் பின்னால் ஓர் எதிரொளிக்கும் தகடு இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஒளி உள்ளே போய், தகட்டில் பட்டுத் திரும்புகிறது. எண் எழுதப்பட்ட இடத்தில் மட்டும் ஒளி தடுக்கப்படுவதால் அது கறுப்பாகத் தெரிகிறது. வெயில் கூடக்கூட அதன் பின்னணியும் பிரகாசமாகும். சூரியனே அதற்கு விளக்கு. இருட்டில் அது பயன்படாது.

காமிராவின் எல்.சி.டி. திரைக்கு விளக்கு பின்னால் இருக்கிறது. அந்த ஒளி இரண்டு தளவிளைவுத் தகடுகளையும், சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளையும் கடந்து வர வேண்டும். வழியிலேயே பெரும்பகுதி உறிஞ்சப்பட்டு, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளியே வெளியே வருகிறது. கால்குலேட்டருக்குச் சூரியன் நண்பன். காமிராத் திரைக்குச் சூரியன் போட்டியாளன்.

போட்டியில் வெல்ல மூன்று வழிகள்

முதல் வழி, திரையின் ஒளியைக் கூட்டுவது. 500 நிட்டை 1,000 ஆக்கினால், 500 நிட் எதிரொளிப்புக்கு இடையே விகிதம் 3:1 ஆகும். முன்னேற்றந்தான், ஆனால் பேட்டரி விரைவில் தீரும், திரையும் சூடேறும். இன்றைய கைப்பேசிகள் சிலவற்றின் திரை வெயிலில் 1,000 நிட்டுக்கு மேல் ஒளிர்கிறது. அதே கைப்பேசி சூடேறினால் தானே ஒளியைக் குறைத்துக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது வழி, எதிரொளிப்பைக் குறைப்பது. கண்ணாடியின் மேல் மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற பொருளை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். படலத்தின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. படலத்தின் மேற்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் கீழ்ப்பரப்பில் எதிரொளிக்கும் அலையும் அரை அலைநீளம் பின்தங்கி எதிரெதிராகச் சந்தித்து ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935இல் இத்தகைய பூச்சை உருவாக்கினார். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் காத்தரின் பிளாட்ஜெட் என்ற பெண் விஞ்ஞானி, ஒரு மூலக்கூறு தடிமனுள்ள படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதிரொளிக்காத கண்ணாடியை 1938இல் செய்து காட்டினார். பூச்சினால் எதிரொளிப்பு நூற்றுக்கு ஒரு பங்காகக் குறைந்தால், நம் கணக்கில் விகிதம் ஏறத்தாழ 5:1 ஆகிறது. திரையின் ஒளியை இரட்டிப்பாக்குவதைவிட இது மேல்!

மூன்றாவது வழிக்குக் காசே வேண்டாம். கருநீலம் போன்ற அடர்நிறச் சட்டை அணியுங்கள். அது நூற்றுக்குப் பத்துப் பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்பும் என்றால், திரையில் எதிரொளிப்பது 64 நிட். விகிதம் கிட்டத்தட்ட 9:1. பூச்சில்லாத பழைய திரைக்கே இந்தப் பலன். ஒளியைக் கூட்டுவதைவிட, வேண்டாத ஒளியை மறைப்பது சிறந்தது என்று கணக்கு சொல்கிறது.

கறுப்புத் துணியின் இரகசியம்

இந்த உண்மை பழைய புகைப்படக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். உங்கள் தாத்தா பாட்டியைக் கேளுங்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோவில் முக்காலி மேல் பெரிய மரப்பெட்டிக் காமிரா நிற்கும். படம் எடுப்பவர் தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அதற்குள் குனிவார். பெட்டியின் பின்புறம் இருந்த தேய்த்த கண்ணாடியில் பிம்பம் மங்கலாக விழும். சுற்றுப்புற ஒளி அதை அழித்துவிடாமல் காக்கவே அந்தத் துணி.

பின்னர் வந்த சிறிய காமிராக்களில், துணிக்குப் பதிலாகக் கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் சாளரம் வந்தது. இதையே வியூஃபைண்டர் என்கிறோம். கண்ணும் முகமும் சேர்ந்து வெளி ஒளியை மறைத்துவிடுகின்றன. முகமே கறுப்புத் துணி! வியூஃபைண்டரில் மூன்று வகை உண்டு.

முதலாவது, எளிய ஒளியியல் சாளரம். முன்னால் ஒரு குழிவில்லை, பின்னால் ஒரு குவிவில்லை. பேட்டரி தேவையில்லை, எந்த வெயிலிலும் காட்சி பளிச்சென்று தெரியும். ஆனால் அது படம் எடுக்கும் வில்லைக்குச் சற்றுத் தள்ளி இருப்பதால், அருகிலுள்ள பொருளைக் கொஞ்சம் விலக்கிக் காட்டும். ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடிக்கொண்டு உங்கள் விரலைப் பாருங்கள். விரல் நகர்வதாகத் தோன்றும் அல்லவா? அதே பிழைதான்.

இரண்டாவது, ஒற்றை வில்லை எதிரொளிப்புக் காமிரா, அதாவது எஸ்.எல்.ஆர். இதில் படம் எடுக்கும் வில்லையின் வழியாகவே நாம் பார்க்கிறோம். 45 பாகை சாய்ந்த ஆடி ஒளியை மேலே திருப்ப, ஐங்கோணப் பட்டகம் பிம்பத்தை நேராக்கிக் கண்ணுக்குத் தருகிறது. ஐங்கோணப் பட்டகத்துடன் 1949இல் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த காண்டாக்ஸ் எஸ் இவ்வகையின் முன்னோடிகளில் ஒன்று. இங்கும் காட்சியைக் காட்டுவது வெளியுலகின் ஒளியே. எனவே வெயிலில் தெளிவு குறைவதில்லை.

மூன்றாவது, மின்னணு வியூஃபைண்டர். அரை அங்குல அளவுள்ள ஒரு குட்டித் திரையைக் காமிராவுக்குள் வைத்து, அதை உருப்பெருக்கி வழியாகப் பார்க்கிறோம். கண்ணைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் வெயிலை மறைப்பதால் திரை தெளிவாகத் தெரிகிறது. ஆடியில்லாத காமிராக்கள் இதை நம்பியே இயங்குகின்றன. அவற்றுள் 2008இல் வந்த பானசோனிக் ஜி1 வழிகாட்டியாக அமைந்தது. எடுத்த படத்தைக் கண்ணை எடுக்காமலே உள்ளேயே பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு.

அப்படியானால் பின்புறத் திரை எப்போது வந்தது? கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் 1975இல் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிராவில் அது இல்லை. அக்காமிரா ஒரு படத்தைக் கேஸட் நாடாவில் பதிய 23 விநாடி எடுத்துக்கொண்டது. படத்தைப் பார்க்கத் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். 1995இல் காசியோ நிறுவனம் வெளியிட்ட க்யூ.வி.-10 காமிராவின் பின்புறத்தில் 1.8 அங்குலத் திரை இருந்தது. எடுத்தவுடன் படம் பார்க்கும் வசதியில் மக்கள் மகிழ்ந்தார்கள். திரை ஆண்டுக்கு ஆண்டு பெரிதானது. அதற்கு இடம் கொடுத்துச் சாளரம் பல சிறிய காமிராக்களிலிருந்து மறைந்தே போனது. கோடியக்கரையில் எங்கள் கையில் இருந்தது அப்படிப்பட்ட ஒன்று.

அந்தி நேரச் சோதனை

கடினமான ஒளி என்றால் வெயில் மட்டுமல்ல. மங்கல் ஒளியும் கடினமே. எஸ்.எல்.ஆர். காமிராவில் உள்ளே வரும் ஒளிதான் காட்சி. அந்தி மங்கினால் காட்சியும் மங்கும். வில்லையின் துளை அளவும் இதில் முக்கியம்: எஃப் 5.6 வில்லை, எஃப் 2.8 வில்லை தரும் ஒளியில் நான்கில் ஒரு பங்கையே தரும். மின்னணு வியூஃபைண்டரோ மின் சைகையைப் பெருக்கிக் காட்சியை வெளிச்சமாக்கும். ஆனால் அப்போது படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தோன்றும். நகரும் பறவை சற்றுத் தாமதமாகத் தெரியும்.

இருட்டில் பின்புறத் திரை வேறு விதமாக ஏமாற்றும். கண் இருட்டுக்குப் பழகியிருப்பதால், மங்கலாகப் பதிந்த படமும் திரையில் ஒளிமயமாகத் தோன்றும். மறுநாள் பார்த்தால் கறுத்துக் கிடக்கும். இதற்கு மருந்து, காமிராவிலேயே உள்ள 'ஹிஸ்டோகிராம்' என்ற வரைபடம். படத்தின் எத்தனை புள்ளிகள் இருளில், எத்தனை ஒளியில் என்பதை அது காட்டும். மேடு முழுவதும் இடது ஓரத்தில் குவிந்தால் ஒளி போதவில்லை. வலது ஓரத்தில் முட்டினால் ஒளி மிகுதி. திரை பொய் சொன்னாலும் வரைபடம் பொய் சொல்லாது.

நீங்களே செய்து பாருங்கள்

தளவிளைவுக் குளிர்கண்ணாடி அணிந்துகொண்டு ஓர் எல்.சி.டி. திரையைப் பாருங்கள். திரையை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் அது இருண்டு, சில வேளைகளில் முழுக் கறுப்பாகவே ஆகிவிடும். திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்கிறது. குளிர்கண்ணாடி வேறொரு தளத்து ஒளியை மட்டுமே விடுகிறது. கண்ணாடி அணிபவர், காமிராவைப் படுக்கையாகவும் நிமிர்த்தியும் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

கடைக்குச் செல்லும்போது

மன்ற மாணவர்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன சோதனைகள் இவை. உங்களுக்கும் உதவும்.

1. கடைக்காரரிடம் அனுமதி பெற்றுக் காமிராவை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். வெள்ளைச் சட்டை அணிந்து செல்லுங்கள். சோதனை கடினமாக இருப்பதே நல்லது. இரண்டு நிமிடம் வெயிலில் நின்று, கண் பழகிய பின் பாருங்கள்.

2. திரையை அணைத்துவிட்டு அதில் உங்கள் முகத்தைப் பாருங்கள். முகம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ, அவ்வளவு எதிரொளிப்பு. முகம் மங்கலாகவும் ஊதா அல்லது பச்சைச் சாயலிலும் தெரிந்தால் பூச்சு உண்டு என்று கொள்ளலாம்.

3. வியூஃபைண்டர் இருக்கிறதா? இருந்தால் பக்கத்தில் பார்வைத் திருத்தச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே பார்த்து, நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று சோதிக்க வேண்டும்.

4. திரை மடங்கித் திரும்புமா? திரும்பினால் அதை நிழல் பக்கமாகச் சாய்க்கலாம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது நிறம் மாறுகிறதா என்றும் கவனியுங்கள்.

5. திரையின் ஒளியை முழுமையாகக் கூட்டியும் இயல்பாக வைத்தும் பாருங்கள். எப்போதும் முழு ஒளியில்தான் தெரிகிறது என்றால், கூடுதல் பேட்டரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும்.

6. மேசைக்கு அடியிலுள்ள இருட்டைப் பாருங்கள். அங்கும் காட்சி தெரிகிறதா? கையை அசைத்தால் எவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

கையில் திரை மட்டுமே உள்ள காமிரா இருந்தால் கவலை வேண்டாம். கறுப்பு அட்டையை நான்கு பக்கமும் மடித்துத் திரையைச் சுற்றி ஒரு கூண்டு செய்யுங்கள். கறுப்புக் குடை, தொப்பி விளிம்பு, நண்பனின் நிழல், எல்லாமே உதவும். திரையில் படிந்த விரல் ரேகை வெயிலில் வெண்படலமாக ஒளிரும், மென்துணியால் துடைத்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

எஸ்.எல்.ஆர். காமிராவாலோ ஒளியியல் சாளரத்தாலோ சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். நீண்ட வில்லை சூரிய ஒளியைக் குவித்துக் கண்ணின் விழித்திரையைச் சுட்டுவிடும். போன பார்வை திரும்பாமல் போகலாம். கிரகணத்தின்போதும் இதே விதிதான்.

மின்னணு வியூஃபைண்டரில் ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் உண்டு. காமிராவை மேசைமேல் வைக்கும்போது, கண் வைக்கும் பக்கம் சூரியனை நோக்கி இருந்தால், அந்த உருப்பெருக்கி எரிகண்ணாடியாக மாறி உள்ளேயுள்ள குட்டித் திரையைச் சுட்டுவிடும். கண்ணைக் காக்கும் சாளரத்தை நாமும் காக்க வேண்டும்.

மறுபடியும் கோடியக்கரை

மன்றத்தில் சேர்ந்திருந்த பணத்துக்கு எஸ்.எல்.ஆர். காமிராவும் தொலைவு வில்லையும் சேர்த்து வாங்க முடியவில்லை. மின்னணு வியூஃபைண்டரும் நீண்ட சூமும் ஒன்றாக அமைந்த, ஒருவர் பயன்படுத்திய பழைய காமிரா ஒன்று கிடைத்தது. அதன் மெகாபிக்சல் எண்ணிக்கை இரவல் காமிராவைவிடக் குறைவு. மாணவர்கள் அதை வாசலில் வைத்து ஆறு சோதனைகளையும் செய்து, ஒருமனதாக வாங்கினார்கள்.

மாசி முடிவதற்குள் மீண்டும் சென்றோம். பதினான்கு பேரும் அடர்நிறச் சட்டையில் வந்திருந்ததைக் கண்டு நானும் பொறுப்பாசிரியரும் சிரித்துவிட்டோம். காலில் வளையம் அணிந்த பூநாரையை எவ்வளவு தேடியும் காணவில்லை. அது எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. ஆனால் அன்று எடுத்த நாற்பது படங்களில் முப்பத்தைந்தில் பறவைகள் தலை முதல் கால் வரை முழுமையாக இருந்தன. ஒவ்வொன்றின் காலையும் மாணவர்கள் பெரிதாக்கிப் பார்த்து, 'வளையம் இல்லை' என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். வளையம் இல்லை என்று உறுதியாகச் சொல்வதற்கும் கால் தெரிய வேண்டும் அல்லவா?